பெட்டியில் 3,500, திரையில் 1,740

ஈரோட்டில் மஞ்சள் மண்டிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறிய அலுவலகம் எங்களுடையது. அங்கே ஒரு மேசைக்கு அடியில் சோதனைக் கணினி ஒன்று இருக்கிறது. பழைய பில்களை ஒவ்வொரு இரவும் புதிதாக டேட்டாபேஸில் ஏற்றி, அன்று பகலில் நாங்கள் மாற்றிய நிரல் எதையும் கெடுத்துவிடவில்லை என்று சரிபார்ப்பதுதான் அதன் வேலை. அதில் இருந்த 480 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. (ஃபிளாஷ் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்; சாட்டா என்பது அதைக் கணினியோடு சேர்க்கும் பழைய வகை இணைப்பு), யாரோ சர்வரிலிருந்து கழற்றி விற்ற பழைய சரக்கு. இடம் போதாமல் போனதால், போன கோடையில் 1 டி.பி. கொள்ளளவுள்ள, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான இணைப்பில் ஓடும் புதிய என்விஎம்இ டிரைவ் ஒன்றை வாங்கினேன். பழையதை 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக ஒரு சர்வீஸ் கடைக்காரர் சொல்லியிருந்தார். புதியதன் பெட்டியில் வினாடிக்கு 3,500 எம்.பி. வரை வாசிக்கும் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மாட்டிவிட்டு, விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற வேகம் அளக்கும் கருவியை ஓட்டியபோது முதல் வரியில் வந்த எண் 1,740.

பக்கத்து இருக்கைத் தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர், எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, டூப்ளிகேட்டக் குடுத்து ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டார். அந்தச் சந்தேகம் எனக்கும் வராமல் இல்லை. ஆனால் 1,740 என்பது 3,500-இல் ஏறக்குறைய சரிபாதி. முடிவு தாறுமாறாகக் குறைந்திருந்தால் டிரைவைச் சந்தேகிக்கலாம். அளந்து வெட்டியதுபோலப் பாதியாகக் குறைந்திருந்தால் முதலில் பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன், அதாவது ஒரு தடம், வினாடிக்கு 800 கோடி பிட்டுகளைக் கடத்துகிறது; அதில் ஒவ்வொரு 130 பிட்டிலும் 128 மட்டுமே நம்முடைய தரவு. அதனால் ஒரு லேனுக்கு 985 எம்.பி., நான்கு லேனுக்கு 3,940 என்று கணக்கு வரும். பாக்கெட் தலைப்புகளுக்கும் ஒப்புகைகளுக்கும் போனது போக 3,500 சொச்சம் கையில் நிற்கும். இரண்டே லேன் என்றால் 1,970-இல் தொடங்கி, கையில் நிற்பது 1,700-க்கும் 1,800-க்கும் இடையில்தான். எனக்கு வந்த எண் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

மதர்போர்டின் கையேட்டைத் தேடி எடுத்தேன். இந்த வகை டிரைவை மாட்டும் எம்.2 ஸ்லாட்டுகளில் இரண்டாவதற்கு இரண்டு லேன் மட்டுமே என்று, படம் போட்ட பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. முதல் ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்ததால், கார்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய ஸ்லாட்டிலேயே மாட்டியிருந்தேன். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவாகக் காட்டச் சொன்னால் இதைக் கையேடு இல்லாமலேயே கண்டுபிடித்துவிடலாம்: டிரைவால் எவ்வளவு முடியும் என்பதை ஒரு வரியும், இப்போது எவ்வளவு கிடைத்திருக்கிறது என்பதை இன்னொரு வரியும் சொல்லும். என்னுடையதில் முதல் வரியில் நான்கு லேன் இருந்தது. இரண்டாவது வரியில் இரண்டு லேனும் அதன் பக்கத்திலேயே 'டவுன்கிரேடட்' என்ற சொல்லும் இருந்தன. கார்டைக் கழற்றி, தூசி தட்டி, டிரைவை இடம் மாற்றியதும் 3,480 வந்தது.

இந்த மாதிரி உச்சவரம்பு எண்கள் சிலவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. சாட்டாவின் 6 ஜிகாபிட் இணைப்பில் 550 எம்.பி. அளவுக்கு மேல் எந்த டிரைவாலும் போக முடியாது. அதே டிரைவ் 280-இல் நின்றால் பழைய 3 ஜிகாபிட் போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்று பொருள். யுஎஸ்பி வழியாகப் போட்ட டிரைவ் 40-ஐத் தாண்டவில்லை என்றால், கேபிளோ போர்ட்டோ யுஎஸ்பி 2.0 காலத்தது. இவற்றில் எதற்கும் டிரைவை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கணினியில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ் என்பதால், அங்கே எஃப்ஐஓ என்ற கருவியைக் கொண்டு முறையாக ஒருமுறை அளந்து குறித்து வைக்கலாம் என்று நினைத்தேன். யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய அந்தக் கருவி எதைக் கேட்டாலும் அளந்து தரும்; கேட்டது சரிதானா என்று மட்டும் சொல்லாது. முதலிலிருந்து தொடங்குவோம் என்று டிரைவை முழுவதும் துடைத்துவிட்டு, 1 ஜி.பி. பரப்புக்குள் 4 கே.பி. துண்டுகளைத் தாறுமாறான இடங்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கச் சொன்னேன். வினாடிக்கு 230 எம்.பி. என்று வந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு குறைந்த எண்ணைப் பார்த்து வருத்தப்பட்டவன், இப்போது உயர்ந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்ந்து வரும் எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை; குறைந்து வருவதை மட்டும்தான் சந்தேகிக்கிறோம்.

சந்தேகிக்க வைத்தது வகுத்தல்தான். 4,096 பைட்டை வினாடிக்கு 230 எம்.பி. என்ற வேகத்தால் வகுத்தால் ஒரு வாசிப்புக்கு 18 மைக்ரோசெகண்டுக்குள் பதில் வந்திருக்கிறது. இந்த டிரைவில் இருப்பது டிஎல்சி ஃபிளாஷ், அதாவது ஒரு செல்லுக்கு மூன்று பிட். அப்படிப்பட்ட செல்களிலிருந்து ஒரு பக்கத்தை உணர்ந்தெடுப்பதற்கே 50 மைக்ரோசெகண்ட் அளவில் ஆகும். அதன்பிறகுதான் டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் சில்லும் பிழைதிருத்தமும் இணைப்பும் வருகின்றன. அப்படியானால் இந்தப் பதில் ஃபிளாஷிலிருந்து வந்திருக்க முடியாது. துடைத்த டிரைவில் எந்த முகவரிக்கும் எந்தச் செல்லும் ஒதுக்கப்பட்டிருக்காது. வாசிக்கச் சொன்னால் கன்ட்ரோலர் தன் முகவரி அட்டவணையைப் பார்க்கிறது, அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஃபிளாஷ் சில்லின் பக்கமே போகாமல் பூஜ்ஜியங்களை அள்ளி அனுப்பிவிடுகிறது. நான் அளந்தது டிரைவின் வாசிப்பு வேகத்தை அல்ல, இல்லை என்று சொல்லும் வேகத்தை.

டிரைவ் முழுவதையும் ஒருமுறை எழுதி நிரப்பிவிட்டு அதே சோதனையைத் திரும்ப ஓட்டியபோது 60 எம்.பி. வந்தது, அதாவது ஒரு வாசிப்புக்கு 68 மைக்ரோசெகண்ட். இதுதான் உண்மை. சேமிப்புக் கருவிகளுக்கான தொழில் அமைப்பான எஸ்என்ஐஏ வகுத்த சோதனை முறையில், டிரைவைத் துடைத்தபின் அதன் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு எழுதி நிரப்பிவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும் என்று இருப்பதும், தொடர்ந்து ஐந்து சுற்றுகளின் மதிப்புகள் சராசரியில் 20 சதவீத வீச்சுக்குள் அடங்கிய பிறகே எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று இருப்பதும் இதனால்தான். வீட்டில் உட்கார்ந்து ஒற்றை டிரைவை அளக்கிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது; எனக்கும் இல்லை. ஆனால் ஒருமுறையாவது நிரப்பாமல் வாசிப்பு வேகத்தைப் பேசுவதில் பொருளில்லை.

முடிவுகளில் அடுத்த வரி தம்பிக்கு உறுத்தியது. "எழுதறது படிக்கறதவிட வேகமா இருக்குதுங்களே ணா? எழுதறதுதான கஷ்டம்?" என்றார். அதே 4 கே.பி. துண்டுகளை அதேபோல ஒன்றன்பின் ஒன்றாக எழுதும்போது 200 எம்.பி. வந்திருந்தது. அவர் சொன்னது சரி: ஃபிளாஷில் எழுதுவது வாசிப்பதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் டிரைவ் அந்த இடத்திலேயே எழுதுவதில்லை. தரவைத் தன் உள்நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வந்துசேர்ந்தது என்று உடனே பதில் அனுப்பிவிட்டு, பிறகு சாவகாசமாக எழுதுகிறது. வாசிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது; கேட்ட தரவு கைக்கு வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். மண்டியில் மூட்டையை இறக்கி வைத்ததும் ரசீது போட்டுக் கொடுத்துவிடுவார்கள், குடோனுக்குள் அடுக்குவது அப்புறம் நடக்கும். ஆனால் குடோனிலிருந்து குறிப்பிட்ட ஒரு மூட்டையைக் கேட்டால், எடுத்து வரும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது. அந்த ரசீதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அப்போது எங்கள் இருவருக்குமே வரவில்லை; அது இரண்டு நாள் கழித்து வந்தது.

கருவியின் பக்கத்திலும் கண்ணிகள் உண்டு. கியூ டெப்த் என்பது ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளை டிரைவின் முன் நிறுத்துகிறோம் என்பதைக் குறிக்கும் எண். தாமதம் மாறாத வரையில், 32 கோரிக்கைகளை நிறுத்தினால் 32 மடங்கு வேகம் வரும் என்பது 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய சூத்திரத்தின் நேரடி விளைவு. டிரைவின் உள்ளே பல ஃபிளாஷ் சில்லுகள் இருப்பதால் ஓரளவுக்கு அப்படியே நடக்கவும் செய்கிறது. ஆனால் எஃப்ஐஓ-வில் 32 என்று கொடுத்தும் என் எண் 60-லேயே நின்றது. காரணம், லினக்ஸில் அது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் முறையில் ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அடுத்தது அனுப்பப்படும். 32 என்று நான் எழுதியதை அது பிழை என்று சொல்லாமல் சும்மா ஒதுக்கி வைத்துவிட்டது. முறையை, பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் ஐஓ யூரிங் என்று மாற்றிய பிறகுதான் எண் ஏறியது. இதற்கு எதிர்ப்பக்கத்து மயக்கம் இயங்குதளத்தின் கேஷ்: கோப்பை இரண்டாவது முறை வாசித்தால் அது ரேமிலிருந்து வரும், வேகம் எந்த டிரைவுக்கும் எட்டாத உயரத்தில் இருக்கும். கேஷைத் தவிர்க்கச் சொல்லும் டைரக்ட் என்ற ஒற்றை விருப்பத்தை மறந்ததால் எத்தனை பேர் தங்கள் ரேமை அளந்துவிட்டு டிரைவைப் பாராட்டியிருப்பார்களோ.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாண்ட்ஃபோர்ஸ் கன்ட்ரோலர்கள் வந்தபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. அவை தரவைச் சுருக்கி எழுதின. சுருங்கக்கூடிய தரவை எழுதிப் பார்க்கும் ஆட்டோ (ATTO) என்ற கருவியில் எண்கள் வானளாவ வந்தன. சுருங்காத தரவை எழுதிப் பார்க்கும் ஏஎஸ் எஸ்எஸ்டி கருவியில் அதே டிரைவ் சோர்ந்து விழுந்தது. இரண்டு கருவிகளும் பொய் சொல்லவில்லை. பெட்டியில் எந்த எண்ணை அச்சடிப்பது என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

இனி எழுதும் வேகத்துக்கு வருகிறேன். பெட்டியில் 3,000 என்று இருந்தது, 1 ஜி.பி. கோப்பை வைத்து அளந்தபோது 2,900 வந்தது. ஆனால் டிரைவை நிரப்பியபோது வினாடிக்கு ஒருமுறை வேகத்தைக் குறித்துக்கொண்டே போனதில், ஏறக்குறைய 300 ஜி.பி. வரை 2,900-இலேயே போன கோடு, திடீரென்று மாடியிலிருந்து குதித்ததுபோல 600-க்கு இறங்கி, கடைசிவரை அங்கேயே தவழ்ந்தது. இதுவும் கோளாறு இல்லை. மூன்று பிட் எழுத வேண்டிய செல்லில் ஒரு பிட் மட்டும் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். அதனால் காலியாக இருக்கும் செல்களைத் தற்காலிகமாக அப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். எஸ்எல்சி கேஷ் என்பது இதுதான். 1,000 ஜி.பி. டிஎல்சி முழுவதும் காலி என்றால், ஒரு பிட் கணக்கில் அதில் 333 ஜி.பி. எழுதலாம், என் கோடு உடைந்த இடம் அதற்குச் சற்று முன்னால். அதன்பிறகு வரும் தரவை வாங்கிக்கொண்டே, முன்பு எழுதியதை மூன்று பிட்டாக மடித்து வேறிடத்தில் அடுக்கவும் வேண்டியிருப்பதால் டிரைவ் மூச்சு வாங்குகிறது.

இந்தக் கேஷ் காலி இடத்தைப் பொறுத்தது என்பதைத் தனியாகச் சோதித்துப் பார்த்தேன். 800 ஜி.பி. நிரம்பியிருந்த நிலையில் சற்று நேரம் ஓய்வு கொடுத்து, மீண்டும் எழுதியபோது 60 ஜி.பி. சொச்சத்திலேயே கோடு உடைந்தது. மிச்சமிருந்த 200-ஐ மூன்றால் வகுத்தால் 66. புத்தம் புதுக் காலி டிரைவில் ஒருவர் வெளியிடும் எண்ணும், ஒரு வருடம் பயன்படுத்தி முக்கால்வாசி நிரம்பிய அதே டிரைவில் இன்னொருவர் பார்க்கும் எண்ணும் ஒத்துப்போகாததற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. செல்லுக்கு நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி டிரைவ்களில் இந்த வீழ்ச்சி இன்னும் ஆழமானது. சாம்சங்கின் 860 கியூவிஓ வரிசையில் 1 டி.பி. டிரைவுக்கு 42 ஜி.பி. வரைதான் இந்தக் கேஷ் என்றும், அது தீர்ந்தபின் எழுதும் வேகம் வினாடிக்கு 80 எம்.பி. என்றும் அந்த நிறுவனமே தன் விவரக்குறிப்பில் சொல்லியிருந்தது. 80 என்பது ஒரு நல்ல ஹார்டு டிஸ்க்கைவிடக் குறைவு. சொல்லியிருந்தார்கள் என்பதே பெரிய விஷயம். பெரும்பாலான பெட்டிகளில் இரண்டாவது எண் இருப்பதே இல்லை.

வாசிப்பில் இதற்கு இணையான மறைவிடம் ஒன்று உண்டு. வேகம் அளக்கும் பெஞ்ச்மார்க் கருவிகள் பெரும்பாலும் இப்போதுதான் எழுதிய கோப்பையே வாசிக்கின்றன. 2014-இல் சாம்சங் 840 ஈவோ டிரைவ்களில், எழுதிப் பல வாரங்கள் ஆன கோப்புகளை வாசிக்கும்போது வேகம் அதலபாதாளத்துக்குப் போனது. வழக்கமான சோதனைகளில் அது தெரியவே இல்லை. செல்லில் வைத்த மின்னழுத்தம் நாளாக நாளாக நகர்ந்துவிட, கன்ட்ரோலர் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துத்தான் சரியான மதிப்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு திருத்தமும், அது போதாமல் 2015 ஏப்ரலில் இன்னொன்றும் வந்தன. பழைய தரவை அவ்வப்போது எடுத்துப் புதிதாக எழுதி வைப்பதுதான் இரண்டாவது திருத்தத்தில் அவர்கள் கண்ட வழி.

என்னுடையது உள்ளே டிராம் என்ற தனி நினைவகச் சில்லு இல்லாத டிரைவ்; கன்ட்ரோலருக்குள் இருக்கும் சிறிய நினைவகம் மட்டுமே அதன் உள்நினைவகம். அதன் விளைவும் சோதனைப் பரப்பின் அளவுக்குள் ஒளிந்திருந்தது. 1 டி.பி. டிரைவில் 4 கே.பி. பக்கங்கள் 24 கோடிக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் இடத்தையும் 4 பைட்டில் குறித்து வைத்தால், முகவரி அட்டவணைக்கு மட்டும் ஏறக்குறைய 1 ஜி.பி. வேண்டும். டிராம் உள்ள டிரைவில் அதற்கு இடம் இருக்கிறது. இல்லாத டிரைவ், கணினியின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்குகிறது. என் டிரைவ் வாங்கியிருந்தது 64 எம்.பி.; அதில் 64 ஜி.பி. அளவுக்கான முகவரிகள் அடங்கும். 1 ஜி.பி. பரப்புக்குள் தாவித் தாவி வாசித்தவரை 68 மைக்ரோசெகண்டிலேயே பதில் வந்தது. டிரைவ் முழுவதும் தாவச் சொன்னபோது அது 115-ஐத் தொட்டது. முகவரி எங்கே இருக்கிறது என்று பார்க்கவே முதலில் ஃபிளாஷை ஒருமுறை வாசிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வெப்பத்தைப் பற்றி நீட்ட வேண்டாம்: மே மாதத்து ஈரோட்டில், மூடிய பெட்டிக்குள், மூன்றாவது சுற்றில் வேகம் சரிந்தால், டிரைவ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்து வைத்தால் போதும்.

இத்தனையும் புரிந்துவிட்ட நிறைவோடு டேட்டாபேஸைப் புது டிரைவுக்கு மாற்றி, இரவு வேலையை ஓட விட்டுப் போனேன். பழைய டிரைவில் ஐந்து நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த வேலை, மறுநாள் காலையில் பார்த்தால் பத்தரை நிமிடம் எடுத்திருந்தது. எல்லா வரியிலும் பல மடங்கு வேகமான டிரைவில் வேலை இரண்டு மடங்கு மெதுவாக நடந்திருந்தது. இந்த ஒரு முடிவுக்குத்தான் எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. முதலில் டேட்டாபேஸ் அமைப்புகளைப் புரட்டினேன். பிறகு கோப்பு முறைமையை மாற்றிப் பார்த்தேன். சிபியு உறங்கி எழும் தாமதமோ என்று அதன் மின்சேமிப்பை நிறுத்தினேன். சில நொடிகள்தான் குறைந்தன.

கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது, எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தன்னோடு சேர்த்தே தரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சின்னக் கருவி. அது அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ஒரு துண்டை எழுதி, 'இது உண்மையாகவே ஃபிளாஷில் பதிந்துவிட்டதா' என்று டிரைவிடம் கேட்டு, ஆம் என்ற பதில் வரும்வரை காத்திருந்தால், வினாடிக்கு எத்தனை முறை அப்படிச் செய்ய முடியும் என்பது. புது டிரைவில் 780 முறை. பழைய சாட்டா டிரைவில் 6,400.

முன்பு சொன்ன ரசீது விவகாரம் இங்கேதான் வருகிறது. மின்சாரம் போனால் டிரைவின் உள்நினைவகத்தில் இருப்பது அழிந்துவிடும். கணக்குப் பதிவில் ஒரு பில் சேமிக்கப்பட்டது என்று திரையில் காட்டியபின் அது காணாமல் போகக் கூடாது என்பதால், ஒவ்வொரு கமிட்டின், அதாவது பதிவை உறுதிசெய்யும் படியின், முடிவிலும் டேட்டாபேஸ் ஃப்ளஷ் கட்டளையை அனுப்புகிறது. அப்போது டிரைவ் சாவகாசமாக அடுக்க முடியாது. வைத்திருப்பதை உடனே ஃபிளாஷில் எழுதி, முகவரி அட்டவணையின் மாற்றத்தையும் எழுதி, அதன்பிறகே பதில் சொல்ல வேண்டும். சர்வருக்கென்று செய்யப்பட்ட பழைய டிரைவின் பலகையில், ஓரமாக வரிசையாக மின்தேக்கிகள் பதித்திருப்பார்கள். மின்சாரம் போனாலும் உள்நினைவகத்தில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் மின்னூட்டம் இருக்கும். அதனால் அந்த டிரைவுக்கு, உள்நினைவகத்துக்கு வந்துசேர்ந்ததே பதிந்ததற்குச் சமம். ஃப்ளஷ் வந்ததும் தயங்காமல் ஆம் என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் ஆகாது. சாதாரண டிரைவுக்கு அந்த வசதி கிடையாது. 3,500-ஐயும் 3,000-ஐயும் விற்கிறவர்கள் அச்சிடும் எந்த எண்ணிலும் இந்த வேறுபாடு தென்படாது. கிறிஸ்டல் டிஸ்க் மார்க்கின் வழக்கமான சோதனைகளிலும் தென்படாது, அவை ஒவ்வொரு முறை எழுதியபின்னும் ஃப்ளஷ் கேட்பதில்லை.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் இரவு வேலையில் 3 லட்சம் பில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட். புது டிரைவில் ஒரு கமிட்டுக்கு 1.28 மில்லிசெகண்ட், பழையதில் 0.16. வித்தியாசம் 1.12, 3 லட்சத்தால் பெருக்கினால் 336 வினாடி, ஐந்தரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பத்தரையில் ஐந்தைக் கழித்தால் வருவதும் அதுவேதான். இரண்டு நாளாகத் தேடியது ஒரு பெருக்கலில் அடங்கிவிட்டதைப் பார்த்தபோது, மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. பல கணினிகளைச் சேர்த்து நிரல்களை ஓட்டும் குபர்னட்டிஸ் கிளஸ்டர்களின் அடியில் ஓடும் எட்சிடி என்ற டேட்டாபேஸின் ஆவணத்தில் வினாடிக்கு எத்தனை எம்.பி. என்பதோடு நிற்காமல், நூறில் தொண்ணூற்றொன்பது ஃப்ளஷ்கள் 10 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும் என்று கேட்டிருப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

இதே எண்ணை மேக் கணினிகளோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல். மேக்ஓஎஸில், தரவைப் பதியச் சொல்லும் வெறும் எஃப்சிங்க் அழைப்பு, அதை டிரைவிடம் ஒப்படைப்பதோடு நின்றுவிடும். டிரைவின் உள்நினைவகத்திலிருந்து வெளியே எழுதச் சொல்வதற்கு எஃப் ஃபுல் எஃப்சிங்க் என்ற தனி அழைப்பு இருக்கிறது. ஆப்பிளின் கையேட்டுப் பக்கத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. அங்கே நம்பமுடியாத எண் வந்தால் டிரைவைப் பாராட்டும் முன் எந்த அழைப்பு போகிறது என்று பார்க்க வேண்டும்.

தீர்வுகள் பல இருந்தன. நூறு பில்களை ஒரே கமிட்டில் சேர்த்தால் பிரச்சினையே மறைந்துவிடும். ஆனால் கடையில் பில்கள் ஒவ்வொன்றாகத்தான் விழும், சோதனையும் அப்படியே இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட் என்ற அமைப்பை அணைத்தால் ஃப்ளஷுக்காகக் காத்திருக்காது. மின்சாரம் போனால் கடைசி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துப் பில்கள் மட்டும் போகும், டேட்டாபேஸ் சிதையாது. சோதனைக் கணினிக்கு அது போதும்தான். ஆனாலும் வாடிக்கையாளர் கடையில் அணைக்கத் துணியாத ஒன்றை இங்கே அணைத்துவிட்டு நேரத்தை அளப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடைசியில் டேட்டாபேஸின் தரவு முழுவதையும் புது டிரைவிலேயே விட்டுவிட்டு, கமிட்டுகள் முதலில் போய் விழும் டபிள்யூஏஎல் பதிவேட்டை மட்டும் பழைய சாட்டா டிரைவுக்கு மாற்றினேன். அன்றிரவு வேலை நான்கு நிமிடம் ஐம்பது நொடியில் முடிந்தது. சர்வீஸ் கடைக்காரருக்கு போன் போட்டு, டிரைவ் இல்லை என்று சொன்னேன். இன்னும் இருநூறு ரூபாய் சேர்த்துத் தருவதாக அவர் சொன்னார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பி அந்த 480 ஜி.பி. டிரைவின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மார்க்கரால், 'பழசு. கழட்டாதீங்க' என்று எழுதிக்கொண்டிருந்தார்.